உப்பு ஜாடி கசிகிற மாதத்தில்

ஆனி பிறந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். குழம்புக்கு உப்புப் போடலாம் என்று ஜாடிக்குள் கையை விட்டால் விரல் நனையும். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் நிற்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று நுழைந்துவிட்டது என்பதை வானிலை அறிக்கைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கல்லுப்பு சொல்லிவிடும். அன்றைக்கே வெளியூர்ச் சொந்தக்காரர்களின் போனும் வரத் தொடங்கும். "என்ன மதினி, அருவியில தண்ணி விழுதா?" விழுகிறது. கூடவே பீரோவுக்குப் பின்னால் சுவர் வியர்க்கிறது, மச்சில் கிடக்கிற பாயில் வெள்ளை படர்கிறது, போன தீபாவளிக்கு வாங்கிய தோல் செருப்பு பச்சை நிறத்துக்கு மாறுகிறது. அவர்களுக்குக் குற்றாலச் சீசன். எங்களுக்குப் பூசணம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவள் என்பதால் உப்பு ஜாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நாம் வாங்கும் கல்லுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கும் கொஞ்சம் முன்பே கசியும். சுவரிலும் துணியிலும் தோலிலும் பூசணம் பிடிக்க வேண்டிய ஈரமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே ஜாடி கசிந்தால், பூசணம் வருவதற்கு உங்களுக்கு ஒரு வார அவகாசம் இருக்கிறது என்று பொருள். காசு கொடுத்து ஈரமானி வாங்க வேண்டாம்.

எங்கள் தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்தபோது ஒரே மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் வீடு துடைக்கிறவளைக் கேட்டால் இது இரண்டு மாவட்டம். குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பக்கம் எதிரி ஈரம். மலையிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. சோப்பு நுரைத்துத் தள்ளும், ஆனால் துணி மூன்று நாளானாலும் காயாது. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் போனால் ஆடிக் காற்றில் புழுதி. ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணி. குழாய் வாயில் வெள்ளையாகக் காரை கட்டும். ஒரு ஊருக்குச் சொன்ன பக்குவம் இன்னொரு ஊருக்கு ஒத்துவராது. செல்போனில் பார்த்துச் செய்கிற "இயற்கைச் சுத்தம்" பாதிப் பேருக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

முதலில் ஈரம். பூசணத்தைக் கண்டதும் உலர்ந்த வாரியலால் தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். ஒரு சுவரில் இருந்ததைப் பட்டாசல் முழுக்க விதைக்கிற வேலை அது. வீட்டில் இழுப்புக்காரர்கள் இருந்தால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அந்தத் துணியை உடனே வெந்நீரில் போடுங்கள்.

பிறகு, அது எந்தச் சுவர் என்று பாருங்கள். கண்ணாடி, வழவழப்பான டைல்ஸ், பெயின்ட் அடித்த மரக்கதவு என்றால் கடை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் துணியில் நனைத்துப் பூசி, ஒரு மணி நேரம் விட்டுத் துடைக்கலாம். மரத்தில் முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் இணைப்புகளில் கருத்திருந்தால் ஆப்பச் சோடாவைச் சட்னிப் பதத்தில் குழைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வினிகர் ஆகவே ஆகாது. புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுவிடும். சுவர் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்துத் துடைத்து, காயவிட்டு, மேலே ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் காலூன்றாது. நம் பாட்டன்மார் தை பிறக்குமுன் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் இல்லை.

இங்கே ஒரு ஆற்றாமையையும் சொல்லிக்கொள்கிறேன். செங்கோட்டை அக்ரகாரத்து வீடுகளிலும் தென்காசி ரத வீதிப் பழைய வீடுகளிலும் இப்போது சுண்ணாம்புச் சுவரின் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விடும். மேலே தோல் போர்த்திவிட்டால் வாங்கிய ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கி, அடுத்த சீசனில் கொப்புளம் கொப்புளமாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் என்ன இயற்கைத் திரவத்தைத் தெளித்தும் பயனில்லை.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சாரல் அடிக்கிற நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு காயாது, இன்னும் நனையும். மழை வெறித்து வெயில் எட்டிப் பார்க்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாக் கதவையும், பீரோக் கதவையும் சேர்த்து, விரியத் திறந்து வையுங்கள். சிரட்டைக் கரியை ஒன்றிரண்டாக உடைத்துப் பழைய காட்டன் துணியில் முடிந்து பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் ஒன்று வைக்கலாம். முடை நாற்றத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் ஈரத்தையும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெயிலில் காட்டினால் ஒரு சீசன் முழுக்க வரும். சிலர் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கிண்ணத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஈரத்தை இழுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தை இருக்கிற வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

பத்தமடைப் பாயை நனைத்துக் கழுவாதீர்கள். பிழிந்த துணியால் கோரை ஓடுகிற திசையில் துடைத்து, இளவெயிலில் காட்டி, மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். சாம்பிராணி போட்டால் பூசணம் போகும் என்று கேட்பவர்களுக்கு: வாசம் வரும், மனசு நிறையும், பூசணம் இருந்த இடத்தில் இருக்கும்.

இனி, அடுக்களை. என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் அங்கணத்தில் இரண்டு சிரட்டைகள் இருக்கும். இடது பக்கச் சிரட்டையில் சலித்த விறகுச் சாம்பல். வலது பக்கத்தில் குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை. தேய்க்கக் கதம்பை நார். எண்ணெய்ச் சட்டி வந்தால் கை இடது பக்கம் போகும். களிம்பேறிய செம்போ குத்துவிளக்கோ வந்தால் வலது பக்கம். எட்டு வயதில் ஒருநாள் நான் கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் குழைத்துப் பூசினேன். "ஏட்டி, ரெண்டையும் ஒண்ணா அப்பாத. அதுவும் வீணு, இதுவும் வீணு" என்று கையைத் தட்டிவிட்டாள். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்தச் சிரட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக்கிக் கரைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். இவை களிம்பையும் துருவையும் உப்புத் தண்ணிக் காரையையும் கரைக்கும். வீட்டு அழுக்கில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான். பிசுபிசுத்தால் காரம், படிந்து இறுகியிருந்தால் புளிப்பு. இதைத் தெரிந்துகொண்டால் கடையில் தரைக்கு ஒன்று, சிங்குக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று வண்ண வண்ணமாக நிற்கும் பாட்டில்களில் பாதிக்குமேல் உங்களுக்கு வேண்டியிருக்காது.

ஆப்பச் சோடாவையும் வினிகரையும் கலந்து சிங்கில் ஊற்றினால் பொங்குகிறதே என்று கேட்பீர்கள். பொங்குவது கரியமில வாயு. பொங்கி முடிந்ததும் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அடைப்பில் கிடக்கும் குப்பையை அந்த நுரை கொஞ்சம் அசைக்கலாம், அவ்வளவுதான். எண்ணெய் இறுகி அடைத்த குழாய்க்கு ஒரு கைப்பிடி வாஷிங் சோடாவைப் போட்டு, கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் நெளிந்துவிடும். வாஷிங் சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு என்பதையும் மனசில் வையுங்கள். முன்னது பல மடங்கு காரம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரியும், தின்பண்டத்தில் சேரவே கூடாது.

விளக்குத் துலக்க ஒரு நெல்லிக்காய் அளவு புளிச்சக்கை, அரைத் தேக்கரண்டி கல்லுப்பு போதும். பூசி ஐந்து நிமிஷம், கூடினால் பத்து. அதற்கு மேல் ஊறப் போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு மட்டும் நின்று, விளக்கு சிவப்பு ஓடிப்போகும். "புளி நல்லா ஏறட்டும்" என்று ராத்திரி முழுக்க ஊற வைத்து விளக்கைச் சிவப்பாக்கிய வீடுகள் எனக்குத் தெரியும். கழுவியதும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, விபூதியை உலர்ந்த துணியில் எடுத்து ஒரு தேய்ப்பு. அந்த மினுக்கு எந்தப் பவுடரிலும் வராது. வெள்ளிக்கும் விபூதி நல்லது. பற்பசை வேண்டாம், கீறும்.

இதற்குப் புதுப் புளியைக் கரைக்காதீர்கள். புளி விற்கிற விலையில் அது இயற்கைச் சுத்தம் இல்லை, ஊதாரித்தனம். ஆச்சியின் முறையில் சுத்தம் செய்வதற்கென்று வாங்கிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. சக்கை, தோல், சாம்பல், நார், கழுநீர் எல்லாம் சமைத்து மிஞ்சியவை. எலுமிச்சைக்கும் இதே கணக்கு. பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சைக்கென்றே சந்தை இருக்கிறது. கோடையில் ஒரு பழத்தின் விலை கேட்டால் மயக்கம் வரும். சாறு குடித்த பிறகு தோலைப் பயன்படுத்துங்கள். குக்கரின் அடித்தண்ணீரில் ஒரு பிழிந்த மூடியைப் போட்டுவிட்டால் அலுமினியம் கருக்காது. ஏற்கெனவே கருத்திருந்தால் புளிச்சக்கை போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். ஆனால் அலுமினியத்தின் பக்கமே சாம்பலையும் வாஷிங் சோடாவையும் கொண்டுபோகாதீர்கள், அரித்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகள் பல வீடுகளில் அலுமினியம். அதைச் சோடாவில் ஊறவைத்துக் குழிகுழியாக்கிய பாவம் என்னையும் சேரும்.

சாம்பலுக்கு எங்கே போவது, கேஸ் அடுப்புத்தானே என்றால், விறகடுப்பில் சமைக்கிற பரோட்டாக் கடைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள். பிளாஸ்டிக்கையும் பெயின்ட் அடித்த பலகையையும் எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம்.

உப்புத் தண்ணிக்காரர்களுக்கு நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கிற எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், எலுமிச்சம்பழத்தைவிட மலிவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு அரை மணி நேரம் வைத்தால் காரை பெயர்ந்து வரும். குழாய் வாயில் அதே தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முலாம் மங்கும்.

இந்தப் புளிப்பு விஷயத்தில் நான் பார்த்த பெரிய சேதம் தரையில்தான். இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண் ஒருத்தி, எலுமிச்சைத் தோல் திரவத்தால் ஒரு வருஷமாகத் தரை துடைத்து வந்தாள். வீடு வாசமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய மாமனார் காலத்து மொசைக் தரை, சொரசொரவென்று பழைய சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிட்டது. "டீச்சர், இயற்கையானதுதானே, எப்படிக் கெடுக்கும்?" என்று கேட்டாள். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் துண்டும் சிமென்டும். சலவைக்கல் என்பது சுண்ணாம்பு இனம். நம் அடுக்களை மேடையில் போடுகிற கடப்பாக் கல்லும் அதே இனம்தான். தோசை மாவும் மோரும் சிந்திய இடத்தில் அதில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான். ரெட் ஆக்சைடு தரையும் சிமென்ட்; அதற்கும் புளிப்பு ஆகாது. கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் தாங்கும். உங்கள் வீட்டில் இருப்பது என்ன கல் என்று தெரியாவிட்டால், கட்டிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். நுரைத்தாலோ பளபளப்பு மங்கினாலோ அந்தத் தரைக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பூந்திக்கொட்டைத் தண்ணீரும்தான்.

பூந்திக்கொட்டை என்னுடைய பிரியமான சரக்கு. கொட்டையை எறிந்துவிட்டு மேல்தோட்டை மட்டும் எடுங்கள். இருபது காய்த் தோட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் இருபது நிமிஷம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, கசக்கி வடிகட்டினால் காப்பி நிறத்தில் திரவம் வரும். பட்டுப் புடவை, கம்பளி, தங்க நகை, தரை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஆகும். சோப்பு உப்புத் தண்ணியில் திரிந்து அழுக்காகப் படியும். இதிலுள்ள சபோனின் அப்படித் திரியாது, ஆலங்குளத்துத் தண்ணீரிலும் வேலை செய்யும். நுரை குறைவாக வரும். நுரைதான் சுத்தம் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டதால் சிலருக்குத் திருப்தி வராது. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம். கண்ணில் பட்டால் மிளகாய்ப் பொடி மாதிரி எரியும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் போட்டுக் குளிக்கக் கூடாது. சீயக்காய்க்கும் தடைதான். "சீயக்காய் இயற்கைதானே, அதையும் ஏன் தடுக்கிறார்கள்?" என்று பேரருவிக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கிற சபோனின், மீனின் செவுளைத் தாக்கும். பூந்திக்கொட்டையை இடித்துக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது பழைய வழக்கம். மரத்தில் காய்த்தது என்பதற்காக ஆற்றுக்கு அது நல்லதாகிவிடாது. நம் வீட்டு வாறுகால் எங்கே போகிறது? சிற்றாற்றுக்கு. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அங்கிருந்து கீழே தாமிரபரணியைத்தான் குடிக்கிறார்கள். அதனால் பூந்திக்கொட்டைத் தண்ணீரானாலும் வாஷிங் சோடாவானாலும் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் போடுங்கள். பூந்திக்கொட்டை அலசிய தண்ணீரை வாறுகாலில் விடுவதைவிட வாழை மூட்டில் ஊற்றலாம், மண்ணில் சிதைந்துவிடும். சோடாத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களின் கதை தனி. அருவிக்குப் போவதற்கு முன் எண்ணெய்த் தேய்ப்பு, வந்த பிறகு எண்ணெய்க் காலோடு நடை. குளியலறைத் தரை வழுக்கி இடுப்பொடிந்தவர்கள் உண்டு. எண்ணெய்த் தரையில் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். கடலை மாவையோ சலித்த சாம்பலையோ தூவிப் பத்து நிமிஷம் விட்டு, அது எண்ணெயைக் குடித்ததும் வாரி எடுத்துக் குப்பையில் போட்டு, பிறகு வெந்நீரும் கொஞ்சம் வாஷிங் சோடாவும். எண்ணெய்த் துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் சிக்கு நாற்றம் போகாது. ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, அரை மணி நேர ஊறல், பிறகுதான் துவைப்பு. முற்றத்துப் பாசிக்கு நீற்றிய சுண்ணாம்பைச் சாயங்காலம் தூவி, காலையில் ஈர்க்கு வாரியலால் அழுத்தித் தேயுங்கள். கையில் உறை, காலில் செருப்பு கட்டாயம்.

மங்குஸ்தான் பழக்காலமும் இதுதான். அந்தத் தோட்டின் சாறு வெள்ளை வேட்டியில் பட்டால் உடனே சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்ப்பது எல்லோரும் செய்கிற தப்பு. சோப்பு காரம், துவர்ப்புக் கறை காரம் பட்டதும் இன்னும் கருத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுக் கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். அதற்குப் பிறகு துவைக்கலாம். பலாப் பிசின் கையிலோ கத்தியிலோ ஒட்டினால் தேங்காய் எண்ணெய். வாழைக்கறைக்கு நானும் நாற்பது வருஷமாக மருந்து தேடுகிறேன்; கிடைத்தால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடுக்களைச் சாமானே போதும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அந்தத் தரைக்கும் கழிப்பறைக்கும் எலுமிச்சையும் வேப்பிலையும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அன்றைக்குப் புளிப்பு எதுவும் வரக் கூடாது. வினிகர், எலுமிச்சை உப்பு, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் திரவம், எதுவானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுவதானால் இந்தப் பத்தியை ஒட்டுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற பயோ என்சைம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் 300 கிராம், வெல்லம் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திருகிக் காற்றை விட வேண்டும். கண்ணாடி பாட்டில் என்றால் வெடிக்கும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் தயார். இதை அமிர்தம் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் இது தோல் வாசமுள்ள மெல்லிய வினிகர். கிருமியெல்லாம் ஒழியும் என்று நம்பாதீர்கள். டைல்ஸ் தரைக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றித் துடைக்க நன்றாக இருக்கும். ஜூஸ் கடைகளில் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிற தோலுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அதற்காகவே நானும் போடுகிறேன்.

போட்டு வைக்கிற பாட்டிலில் மட்டும் கவனமாக இருங்கள். குளிர்பானப் பாட்டிலை அப்படியே பயன்படுத்தினால் மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, மேல்தட்டில் வையுங்கள். இரண்டு சீசனுக்கு முன்னால் மதுரையிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா, அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, நன்னாரி சர்பத் என்று நினைத்து என் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டார். உடனே துப்பி, வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, சர்பத்துல சீனி போட மறந்துட்டியோ?" என்றார்.